ஆறு மணிக்குச் சூடாகும் அறை

அக்ராய்ட் குடும்பத்துக்கு ஒரு சட்டம் உண்டு. நவம்பர் ஐந்தாம் தேதி ஊர்த் திருவிழாவில் மேட்டுத் திடலில் சொக்கப்பனை எரிந்து, வாணவேடிக்கை முடிகிற வரைக்கும் வீட்டில் ஹீட்டிங் போடக் கூடாது. நெவிலுக்கு அவன் அப்பா போட்ட சட்டம். அவருக்கு அவர் அப்பா போட்டது. குளிர்கிறதா, ஸ்வெட்டர் போடு. இன்னும் குளிர்கிறதா, அதன் மேல் இன்னொன்று போடு. ஹாலிஃபாக்ஸ் மேட்டில் பாதி வீடுகளில் இதே கதைதான். அக்டோபரில் ஒரு வீட்டில் பாய்லர்ப் புகை போகிற சுவர்க்குழாயில் வெள்ளையாக ஆவி பறந்தால் போதும், "அங்க காசு கொட்டிக் கிடக்கு போல" என்று தெருவே பேசும். மூக்கு நுனி விறைத்து விழுந்தாலும் மானம் விழக் கூடாது. என்ன ஜனங்களோ!

ஆகவே அக்டோபர் மூன்றாம் தேதி மாலை ஆறு மணிக்கு, அறைகளில் இருக்கிற ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்புகிற சமையலறை பாய்லர் 'உப்'பென்று பற்றிக்கொண்டபோது, நெவிலின் மனைவி ஹேசல் உருளைக்கிழங்கு உரித்த கையோடு அப்படியே நின்றாள்.

"போட்டியா?" என்று மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள்.

"எதை?"

"ஹீட்டிங்கை!"

"நானா?" நெவில் பாதிப் படி இறங்கி வந்தான். "செத்துப்போன எங்கப்பா எழுந்து வந்து செவுள்ல விடுவாரு. நீ போட்டுட்டு எம்மேல பழியைப் போடுறியா?"

அவள் நம்பவில்லை. அவனும் நம்பவில்லை. மறுநாளும் ஆறு மணிக்கு உப். அதற்கு மறுநாளும். மனுஷன் வயசாகிக் குளிர் தாங்காமல் திருட்டுத்தனமாகப் போடுகிறான், சொல்ல வெட்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் அடுப்பு முன்னால் நின்று பழகியவள், வீட்டுக்குளிர் தாங்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். நேராகக் கேட்டு முடித்திருக்கலாம். ஆனால் முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் நேராகக் கேட்கிற பழக்கம் இரண்டு பேருக்கும் விட்டுப்போயிருந்தது. அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஏழாம் நாள் அவள் ஒவ்வொரு ரேடியேட்டராகத் தொட்டுக்கொண்டே போனாள். கூடத்தில் இருந்தது பச்சைத்தண்ணீர். மாடிப்படியில் இருந்ததும் அப்படியே. படுக்கையறை, குளியலறை, எல்லாம் கல். கடைசியில் பின்பக்கத்துச் சின்ன அறை. கதவுப் பிடியைத் தொட்டதும் கையை வெடுக்கென்று எடுத்தாள். பிடி வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த வீட்டுக்கு அவர்கள் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நெவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றதும் வாங்கிய வீடு. விற்ற கிழவியை அவர்கள் பார்த்ததே இல்லை. எல்லாம் வக்கீல்கள் மூலமாக நடந்தது. முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள் என்று மட்டும் தெரியும். சமையலறை இழுப்பறையில் சாவிக்கொத்தும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. 'குழாயை இடப்பக்கம் அழுத்தித் திருகினால்தான் நிற்கும். பின்னறை கதகதப்பாக இருக்கட்டும். டி. கிரீன்வுட்.' சுவரில் ஈரம் ஏறும் போலிருக்கிறது என்று நெவில் சொன்னான். அதோடு அதை மறந்துவிட்டார்கள். அந்த அறையில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் நாலும், ஒரு மர நாற்காலியும்தான் இருந்தன.

ஹேசல் கதவைத் திறந்தாள். வெதுவெதுப்பு முகத்தில் வந்து அப்பியது. ரேடியேட்டர் 'டிக்... டிக்...' என்று சன்னமாகச் சத்தம் போட்டது. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது, யாரோ உள்ளேயே இருந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த மாதிரி. வீடு முழுவதும் குளிரில் விறைத்துக் கிடக்க, இந்த ஒரு அறை மட்டும் ஆள் இருக்கிற அறையாக இருந்தது.

அவள் வலது கையை நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று அப்புறம் யோசித்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. அந்தச் சூடு அவள் கைக்கு ஏற்கெனவே தெரிந்த சூடு.

முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால், ஓர் அக்டோபர் ஒன்பதாம் தேதி, மாலை ஏழு மணிக்கு அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். கிளேர். பத்து வாரம் முந்திப் பிறந்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கையை விட்டால் உள்ளே இந்தச் சூடு. சுண்டுவிரலை நீட்டினால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். பதினோரு நாள் அப்படிப் பிடித்தாள். பன்னிரண்டாம் நாள் பெட்டி காலியாக இருந்தது.

அப்போது குடியிருந்த வீட்டில் பிள்ளைக்காக ஓர் அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்து வைத்திருந்தார்கள். "அந்த ரூமை மட்டுமாவது சூடு பண்ணி வைக்கலாமே" என்று ஹேசல் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சொன்னாள். "நவம்பர் அஞ்சு வந்துடட்டும், அவ வீட்டுக்கு வர்றதுக்குள்ள போட்டுடலாம்" என்றான் நெவில். வயது இருபத்தொன்பது அவனுக்கு. அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை. நவம்பர் ஐந்து வந்தது. பிள்ளை வரவில்லை. அந்த மஞ்சள் அறை ஒரு நாள்கூடச் சூடாகவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் கிளேர் என்ற பெயரை யாரும் சொன்னதில்லை. சொன்னால் அதற்குப் பின்னாலேயே அந்தக் குளிர்ந்த அறையும் வரும். நெவிலும் தாங்க மாட்டான், அவளும் தாங்க மாட்டாள்.

இப்போது ஓர் அக்டோபரில், சட்டத்தை மீறி, யாரும் தொடாமல் ஒரு சின்ன அறை தானாகச் சூடாகிறது. இதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன சொல்ல வேண்டும்?

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு ஹேசல் அந்த அறைக்குப் போனாள். ஒரு சின்ன விளக்கை ஏற்றிக்கொண்டு, மர நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தாள். முதல் நாள் சும்மா உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பேசினாள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை கேரட்டை மேஜைக்கு அடியில் ஒளித்தது, எது இரண்டு தடவை கஸ்டர்ட் வாங்கியது, இதெல்லாம். எட்டரை மணிக்கு ரேடியேட்டர் ஆறத் தொடங்கும். 'டிக்... டிக்...' என்று அந்தச் சத்தம் பின்வாங்கும். "நாளைக்கு வா கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவாள்.

நெவில் ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று இதைக் கேட்டுவிட்டான்.

"யார்கிட்டம்மா பேசிட்டிருக்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"ஹேசல், அது ரேடியேட்டர்."

"ரேடியேட்டர்னு எனக்குத் தெரியாதா? அதை யார் போடறாங்கன்னு சொல்லு பாப்போம்."

நெவில் படியிறங்கிப் போனான். பயம்தான் வந்தது, பேயைப் பற்றி அல்ல, அவளைப் பற்றி. பிள்ளை போன வருஷம் அவள் ஐந்து மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. அவன் பஸ் ஓட்டிவிட்டு வந்து ஸ்பூனால் சூப் ஊட்டியிருக்கிறான். மறுபடியும் அதுவா? 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று அவளுக்கு ஒரு பழமொழி சொல்லிப்பார்த்தான். எடுபடவில்லை. கடைசியில், "இந்தப் பழைய கண்ட்ரோல் கெட்டுப்போச்சு. மொத்தத்தையும் தூக்கிப்போட்டு புதுசா ஸ்மார்ட் ஹீட்டிங் வைக்கலாம்" என்று ஆரம்பித்தான். ஹீட்டிங்கே போடாத வீட்டுக்கு ஸ்மார்ட் ஹீட்டிங்! வேறு சமயமாக இருந்தால் ஹேசல் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. மாற்றினால் அந்த அறை என்ன ஆகும்? ஒரு தடவை பறிகொடுத்தாகிவிட்டது. இன்னொரு தடவை தன் கையாலேயே கொடுப்பதா?

ஆனாலும் நெவில் ஆளைக் கூப்பிட்டுவிட்டான்.

வந்தவன் பெயர் கிளைவ். ஐம்பது வயது, வாய் ஓயாத ஆள். பார்க்கிறவர்களையெல்லாம் 'கண்ணு' என்று கூப்பிடுவான், நெவிலைக்கூட. சமையலறை மேஜையில் மூன்று துண்டுப்பிரசுரங்களைச் சீட்டுக்கட்டு மாதிரிப் பரப்பினான்.

"இது ஒண்ணு சாதாரணம். நேரம் வச்சா அந்த நேரத்துக்குப் போடும், அவ்வளவுதான். இது ரூம் ரூமா பிரிச்சுக்கும். ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் ஒரு வால்வு, போன்லயே திருகலாம். இது மூணாவது இருக்கு பாருங்க, மகா கெட்டிக்காரன். வீட்டுல யார் எப்ப எங்க இருக்காங்கன்னு தானா கத்துக்கும். நீங்க நினைக்கறதுக்கு முன்னால அது சூடு பண்ணி வச்சிருக்கும்."

"ஐயய்யோ, அது வேணாம்" என்றான் நெவில் அவசரமாக.

"இப்ப இருக்கறது என்ன செய்யுது, கண்ணு?"

நெவில் மென்று விழுங்கிச் சொன்னான். பின்னறை, ஆறு மணி, யாரும் தொடுவதில்லை. கிளைவ் தலையைச் சொறிந்தான். பிறகு குனிந்து, இன்டர்நெட் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைப் பார்த்தான்.

"இதை யார் செருகினது?"

"நான்தான்" என்றான் நெவில். "குடி வந்த அன்னிக்கு ஒரு வயர் தொங்கிட்டிருந்துது. புது பெட்டியில ஒரு ஓட்டை சும்மா இருந்துது. செருகிட்டேன்."

கிளைவ் மேஜையைத் தட்டிச் சிரித்தான். "தொங்கறதையெல்லாம் செருகுவீங்களா? அட தலைவா! இந்த வீட்டுல ஏற்கெனவே ஸ்மார்ட் ஹீட்டிங்தான் இருக்கு. பழைய வீட்டுக்காரம்மா பேர்ல. நீங்க போய் அந்தம்மா போனோட உங்க வீட்டை இணைச்சு விட்டுட்டீங்க." சுவரில் இருந்த கண்ட்ரோலை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினான். சின்னத் திரையில் எழுத்து ஓடியது. 'பின்னறை. 22 டிகிரி. மாலை 6 மணி. மாற்றியவர்: டோரீன்.' அதற்குக் கீழே நேற்றைய தேதி, அதற்குக் கீழே முந்தாநாள். எல்லாம் டோரீன். "ஆவியும் இல்ல கீவியும் இல்ல. எங்கயோ ஒரு கிழவி உக்காந்துட்டு உங்க பாய்லரைப் பத்த வைக்குது!"

நெவில் சிரித்தான். நிம்மதியில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ஹேசலையும் சிரிக்கவைக்கப் பார்த்தான்.

ஹேசல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம். இரண்டு வாரமாக முன்பின் தெரியாத ஒரு கிழவியின் கைவிரலோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணு என்று கூப்பிட்டிருக்கிறாள். கிளேர் வரவில்லை. எப்போதுமே வந்திருக்கவில்லை.

"அறுத்து விடு" என்றாள்.

"என்ன கண்ணு?"

"அந்தப் பொம்பளையை இந்த வீட்டுலேருந்து அறுத்து விடு. இப்பவே."

கிளைவ் வெள்ளைப் பெட்டியின் பின்னால் இருந்த பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தான். விளக்கு அணைந்தது. அவ்வளவுதான். "எது வேணும்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்று பிரசுரங்களை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனான்.

அன்று ஆறு மணிக்கு உப் என்ற சத்தம் வரவில்லை. ஹேசல் போய்ப் பார்க்கவும் இல்லை. அடுப்படியில் நின்று சட்டியை மூன்று தடவை கழுவினாள். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டு. ரேடியேட்டரைத் தொட்டாள். கல்லறைக் கல்லும் அதுவும் ஒன்றுதான். ஜன்னல் துடைத்த மாதிரித் தெளிவாக இருந்தது, அங்கே யாரும் மூச்சு விடவில்லை என்று சொல்லிக்கொண்டு. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஐந்தாம் நாள் தபாலில் ஒரு கார்டு வந்தது. நிமிர்ந்த, நீல மைக் கையெழுத்து.

'என் பழைய வீட்டில் இப்போது இருப்பவர்களுக்கு. ஸ்டூவர்ட்டின் அறை வெள்ளிக்கிழமையிலிருந்து வேலை செய்யவில்லை. வால்வு சில சமயம் ஒட்டிக்கொள்ளும். ஸ்பூனின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டவும், உடைத்துவிட வேண்டாம். குளிர் வந்துவிட்டது. தயவுசெய்து இன்றே பார்க்கவும். டோரீன் கிரீன்வுட்.' கீழே முதியோர் இல்லத்தின் விலாசம். பள்ளத்தாக்குக்கு எதிர்மேட்டில்தான் இருந்தது.

ஹேசல் கார்டை இரண்டு தடவை படித்தாள். "யார் இந்த ஸ்டூவர்ட்?" என்று நெவில் கேட்டான். அவள் கார்டைக் கைப்பையில் வைத்தாள். சனிக்கிழமை காலையில், சொக்கப்பனை நாளுக்காகச் சுட்டு வைத்திருந்த இஞ்சி கேக்கில் பாதியை வெட்டிச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அந்தக் கிழவியை நன்றாக நாலு வார்த்தை கேட்கத்தான் போனாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

டோரீன் கிரீன்வுட் ஜன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எண்பத்தாறு வயது, ஒடிசலான உடம்பு. மடியில் போன், ஜன்னல் விளிம்பில் பறவை பார்க்கிற பைனாகுலர்.

"ஸ்பூனால தட்டினியா?" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"மிசஸ் கிரீன்வுட், அது இப்ப எங்க வீடு."

"தெரியும்மா. வித்தவ நான்தானே? தட்டினியா இல்லையா?"

ஹேசலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாங்கதான் உங்க இணைப்பை எடுத்துட்டோம். எங்க வீட்டுக்குள்ள எங்களுக்குத் தெரியாம நீங்க கையை விட்டுட்டிருந்தீங்க!"

"கையை விட்டேன்தான்" என்றாள் கிழவி. கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில வேலை பாத்தவ நான். லைன் அறுபடலைன்னா பேசிட்டே இருக்கணும். நீங்க மூணு வாரமா அறுக்கலை. நீங்களும் சம்மதிச்சுட்டீங்கன்னு நெனச்சேன்."

பிறகு கேட்காமலே சொன்னாள். ஸ்டூவர்ட் அவளுடைய ஒரே பிள்ளை. பத்தொன்பது வயது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் மூன்றாம் தேதி, மேட்ச் பார்க்கப் போகிறேன், ஆறு மணிக்குச் சாப்பிட வந்துவிடுவேன் என்று கிளம்பியவன். வரவே இல்லை. போலீஸ் தேடியது, குளங்களில் தேடியது, மேட்டுப் புல்வெளியெல்லாம் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. "கோட்டுகூட எடுத்துக்கலை. அன்னிக்குத்தான் குளிர ஆரம்பிச்சிருந்துது. அவங்கப்பாவுக்கும் இந்த ஊர் ஆம்பளைங்க மாதிரி ஏதோ ஒரு சட்டம், ஹீட்டிங் போடக் கூடாதுன்னு. நான் அன்னிக்கே போட்டேன். வர்ற பிள்ளை குளிர்ல வருவானேன்னு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் அன்னிக்குத்தான் ஆரம்பிப்பேன்."

"டைமர்ல வச்சுடலாமே? தினமும் எதுக்கு நீங்களே..."

"மெஷின்ல எழுதி வச்சுட்டா நான் எங்க காத்திருக்கேன்? மெஷின்தானே காத்திருக்கும். என் பிள்ளைக்கு என் கைதான் போடணும்."

ஹேசல் மெல்லக் கேக்கைப் பிரித்து வைத்தாள். கிழவி அதைத் தொடவில்லை. பைனாகுலரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. இங்கேருந்து அந்த ஜன்னல் தெரியும். இந்த அக்டோபர்ல அங்க விளக்கு எரிஞ்சுது. கண்ணாடியில ஆவி, சரியாத் தெரியலை. ஆனா உள்ள ஒரு உருவம் உக்காந்திருந்துது. தினமும் ஆறு மணிக்கு. நான் சூடு பண்ணினதும் வந்து உக்காந்துது." குரல் தேய்ந்தது. "முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு வந்துட்டான்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா மாத்திரையைக் கூட்டிடுவாங்க. வெள்ளிக்கிழமை திடீர்னு அறை செத்துப்போச்சு. விளக்கும் இல்ல. குளிருதுன்னு மறுபடி போயிட்டானோன்னு..."

அந்தப் பக்கத்தில் ஹேசல் ஒரு பேயோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில், இந்தப் பக்கத்தில் அவளே ஒரு பேயாக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"அது நான்தான்" என்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. "மன்னிச்சிடுங்க. அந்த நாற்காலியில உக்காந்திருந்தது நான்தான்."

கிழவி பைனாகுலரை ஜன்னல் விளிம்பில் தள்ளி வைத்தாள்.

"தெரியும்" என்றாள். "உள்ளுக்குள்ள தெரியும். ஸ்டூவர்ட் அவ்வளவு நேரம் ஒரே எடத்துல உக்காரவே மாட்டான்." பிறகு தலையைத் திருப்பி ஹேசலை முதன்முறையாக முகத்துக்கு நேரே பார்த்தாள். "சரி, நீ யாருக்காக உக்காந்திருந்தே?"

முப்பத்துநாலு வருஷத்தில் யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. ஹேசல் வாயைத் திறந்தாள். கண்ணாடிப் பெட்டி, வட்ட ஓட்டை, சுண்டுவிரல், மஞ்சள் அறை எல்லாம் வந்தன. ஏழு மணிக்குப் பிறந்தாள் என்பதும் வந்தது. கடைசியாகப் பெயரும் வந்தது. சொல்லி முடித்தபோது கேக் பாதி காலியாகியிருந்தது. கிழவி கேட்டுக்கொண்டே தின்றிருக்கிறாள்.

"கிளேர்" என்று ஒரு தடவை சொல்லிப்பார்த்தாள் கிழவி. "நல்ல பேர். கேக்ல இஞ்சி போதாது."

வீட்டுக்கு வந்ததும் ஹேசல் கிளைவுக்குப் போன் போட்டாள். மூன்று பிரசுரங்களும் முன்னால் இருந்தன. எது மிச்சப்படுத்தும், எது கெட்டிக்காரன் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வீட்டுக்கு வெளியில இருக்கற ஒருத்தர் கையில ஒரே ஒரு ரூமை மட்டும் குடுக்க முடியுமா?"

மறுமுனையில் கிளைவ் எதையோ புரட்டிப் பார்த்தான். "பதினெட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன் கண்ணு. ஆளை வெளிய தள்ளணும்னுதான் எல்லாரும் கேப்பாங்க. ம்... ரெண்டாவதுல முடியும்."

"அப்ப ரெண்டாவது."

நெவில் எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "சொக்கப்பனைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு" என்று முனகினான். ஹேசல் அவனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, அந்த ஒரு ரூமுக்கு மட்டும்" என்றான். குரல் உடைந்திருந்தது.

திங்கட்கிழமை கிளைவ் புது வால்வுகளை மாட்டி, பின்னறையை மட்டும் டோரீன் போனோடும் நெவில் போனோடும் இணைத்தான். அன்று மாலை ஆறு மணிக்குச் சமையலறையில் உப். எட்டரை வரைக்கும் இருந்த வழக்கம் இப்போது மாறியிருந்தது. ஆறரைக்கு அடங்கியது. ஏழு மணிக்கு மறுபடியும் உப். ஹேசலுக்கு உடனே புரிந்தது. ஆறுக்கு ஒருத்தர், ஏழுக்கு ஒருத்தர். கிழவி இரண்டு பேரையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

குளிர்காலம் முழுக்க அப்படியே போனது. சனிக்கிழமைகளில் ஹேசல் எதிர்மேட்டுக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் கேக்கில் ஒரு குறை கேட்டுக்கொண்டு திரும்பினாள். மாலையில் அறையில் விளக்கேற்றி உட்கார்ந்து, எழுவதற்கு முன் கண்ணாடியில் ஆவியைத் துடைத்துக் கையசைப்பாள். எதிர்மேட்டில் ஒரு டார்ச் இரண்டு தடவை மினுக்கும். நெவில் மட்டும் அந்த அறைக்குள் வரவில்லை. வாசல்வரை டீ கொண்டுவந்து, தரையில் வைத்துவிட்டுப் போவான்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு காலையில் முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. டோரீன் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அன்று மாலை ஹேசல் கோட்டைப் போட்டுக்கொண்டு அறையில் உட்கார்ந்தாள். ஆறு மணி அடித்தது. கீழே சத்தம் இல்லை. ஆறேகால். எதிர்மேட்டில் வெளிச்சம் இல்லை. ரேடியேட்டரைத் தொட்டபடியே இருந்தாள். அது விரலிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டது. ஆக, அதுவும் முடிந்தது. கிழவி போனாள், அவளோடு ஸ்டூவர்ட்டும் போனான், கிளேரும் போனாள் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவும் தெம்பில்லை.

ஏழு மணிக்குக் கீழே உப் என்றது.

சுவருக்குள் குழாய் முனகியது. ரேடியேட்டர் 'டிக்' என்றது. மறுபடி 'டிக்'. உள்ளங்கைக்கு அடியில் அந்தச் சூடு மெல்ல மெல்ல வந்தது.

"நெவில்!" என்று கத்தினாள். "நெவில்! நீ போட்டியா?"

அவன் படியேறி ஓடிவந்தான். கையில் போன். முகம் வெளுத்திருந்தது. "நான் தொடலை. சத்தியமா தொடலை. இதுல என்னமோ வந்துது..." போனை நீட்டினான். பிறகு அவளிடம் கொடுக்காமல், தானே கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தான். "பின்னறை. எழுதி வச்சவர் டோரீன், நவம்பர்ல. தினமும் ஏழு மணி. முடிவு தேதி..." நிறுத்தினான். "முடிவு தேதி இல்லைன்னு போட்டிருக்கு. மேல ஒரு பேர் வச்சிருக்காங்க."

"என்ன பேர்?"

நெவில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தான். முதல் தடவையாக.

"கிளேர்" என்றான்.

முப்பத்துநாலு வருஷம் கழித்து அந்தப் பெயர் அவன் வாயிலிருந்து வந்தது. வந்ததும் அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்து, "அந்த ரூமை நான் போட்டிருக்கணும் ஹேசல், அன்னிக்கே போட்டிருக்கணும்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். ஹேசல் அவன் கையை இழுத்து ரேடியேட்டர் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். எட்டரை வரைக்கும் அது ஆறவில்லை.

அறையை விட்டுப் போகும்போது அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். "ஆறு மணிக்கு ஏன் வரலை? அவங்க பிள்ளை பேரை இதுல எழுதவே இல்லையே. மறந்துட்டாங்களா?"

"மறக்கலை" என்றாள் ஹேசல். "அது கையால போடறது."

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவள் நெவிலிடம் போனை வாங்கிக்கொண்டாள். எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் ஆறைத் தொட்டதும், கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, விரலை வைத்து அழுத்தினாள்.

பாய்லர் பற்றிக்கொண்டது.

"யாருக்கு?" என்றான் நெவில்.

"ஸ்டூவர்ட்டுக்கு. சாப்பிட வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

நெவில் அலமாரியைத் திறந்து இன்னொரு தட்டை எடுத்து வைத்தான்.